வெள்ளைக் காரில் வெள்ளைக் கீறல்

ஒரு காருக்குக் கம்பளிப் போர்வை போர்த்தி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு மனிதர் காவல் உட்கார்ந்திருப்பதை திலீப் தன் எட்டு வருடத் துப்பறியும் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தான். அதுவும் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ரேணிகுண்டா வெயிலில்.

"இன்னா மேடம், காருக்குக் குளிர் ஜுரமா?"

"வாயை மூடிக்கினு வா," என்றாள் கோதை.

கோதைக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டிபன் கடையின் மாடியில் ஆபீஸ். துப்பறிய வருவதற்கு முன்னால் பதினான்கு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைப் பார்வையிட்டவள். எந்த டப்பாவுக்கு எந்தப் பொய் என்று அவளுக்கு மனப்பாடம். திலீப் அவளுடைய உதவியாளன். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவனை எதற்கு வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், "அவன் தப்பா யோசிக்கிறதைப் பார்த்துதான் நான் சரியா யோசிக்கிறேன்" என்பாள் கோதை. இதைப் பாராட்டு என்றே திலீப் எடுத்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை ஏழரைக்கே கேசியா அந்த மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். பள்ளிக்கூட டீச்சர். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நாளைக்கு எங்க சபையில மூணாவது ஓலை படிக்கப் போறாங்க மேடம். நைனா எழுந்து நின்னு ஆட்சேபணை சொல்லுவேன்னு குதிக்கிறாரு. எல்லாம் ஒரு கீறலுக்காக!"

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் வாசிப்பார்கள். இந்த இருவரும் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். இரண்டு ஓலை தாண்டியாயிற்று. மூன்றாவதில் பெண்ணைப் பெற்றவரே எழுந்து நின்றால் கல்யாணம் அங்கேயே படுத்துவிடும்.

மாப்பிள்ளை பெயர் ஆசிர். ரேணிகுண்டாவில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கிறான். கல்யாணத்துக்காக மாமனாரின் வெள்ளைக் காரை அவனே பாலிஷ் பிடித்து, மெழுகு பூசி, வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து வீட்டில் விட்டான். சனிக்கிழமை விடியற்காலை பார்த்தால் இடது பக்கக் கதவில் முழ நீளத்துக்குக் கீறல். ஆசிர் தான் செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை.

"எப்டி வந்துச்சுன்னு மட்டும் சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்," என்று கேசியா கோதையின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்தான் கேசியாவின் அப்பா ஞானசிங். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆறடி உயரம், இஸ்திரி போட்ட சட்டை.

"முப்பத்தொரு வருசம் ரயில்ல கொடி காட்டினவன் நான். ஒரு பெட்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல," என்று போர்வையை விலக்கினார். "இங்க பாருங்க, என் கார!"

கார் சும்மா சொல்லக்கூடாது, பாலில் குளித்து எழுந்தது போல இருந்தது. அதன் கதவில் அந்தக் கீறல். கீறலுக்குள்ளே வெள்ளையாக ஏதோ மாவு மாதிரி அடைந்து காய்ந்திருந்தது.

"இதுதான் சாட்சி," என்றார் ஞானசிங். "மெழுகு காஞ்சா வெள்ளையாப் படியும், சந்து பொந்துல மாட்டிக்கும்னு அந்தப் பையனே எனக்குப் பாடம் எடுத்தான். இந்தக் கீறலுக்குள்ள மெழுகு இருக்குதா இல்லியா? அப்போ மெழுகு பூசறதுக்கு முந்தியே கீறல் இருந்துச்சு. முந்தின்னா எங்க? அவன் கடையில! கீறிட்டு, மெழுகு போட்டு மூடிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கொண்டாந்து உட்டுட்டான். கார ஒழுங்கா பாத்துக்காதவன் என் பொண்ண எப்டிப் பாத்துக்குவான்?"

திலீப் கோதையைப் பார்த்தான். இந்த ஆள் சொல்வதில் ஓட்டையே இல்லையே!

"நேத்து கார் எங்கே இருந்தது சார்?" என்றாள் கோதை.

"இங்கியேதான். மெழுகு நல்லா இறுகட்டும்னு நான் தொடல. ரயில்லதான் சித்தூருக்குப் போய் சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை குடுத்துட்டு ராத்திரி வந்தேன். கேசியா ஸ்கூலுக்குப் போய்ட்டா. வீட்ல என் சம்சாரம் மட்டும்தான்."

"அவங்களோ கேசியாவோ காரை..."

ஞானசிங் சிரித்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாதும்மா. பொம்பளைங்க கையில ஸ்டியரிங் குடுக்கிற வீடு இல்ல இது."

கோதை மூக்கைத் தொட்டுக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். அதற்குள் ஞானசிங்கின் மனைவி தபீதாள் காப்பியும் முறுக்கும் தட்டில் எடுத்து வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய, குள்ளமான, சிரித்த முகக்காரி. அன்றைக்குத்தான் சிரிப்பைக் காணோம். தட்டில் டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடின.

திலீப் முறுக்கோடு காரின் மேல் சாய்ந்தான்.

"பாத்து தம்பி, சாயாதிங்க, நியூட்ரல்ல நிக்குது," என்றாள் தபீதாள்.

"முறுக்குத் தூள் கார்மேல உழுது பாரு!" என்று ஞானசிங் கத்தினார். திலீப் பயந்துபோய் மொத்த முறுக்கையும் வாயில் போட்டுக்கொண்டான்.

ஆசிரின் கடை கூப்பிடு தூரத்தில், திருப்பதி ரோட்டு மேலேயே இருந்தது. தகரக் கொட்டகை, நல்ல நிழல். வெயில் பட்டால் மெழுகு வேகமாகக் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும் என்பதால், கொட்டகை முழுக்க நிழலுக்குத்தான் கட்டியது. ஆசிர் ஒல்லியாக, அமைதியாக இருந்தான். ஒரு சிவப்புக் காரின் முன்மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், இவர்கள் யாரென்று தெரிந்ததும் வேலையை நிறுத்தினான்.

"நான்தான் கீறினேன்னு எழுதிக்குங்க மேடம்."

திலீப் நோட்டை மூடினான். "முடிஞ்சுது மேடம். பத்து இருபதுக்குத் திருப்பதி பஸ்."

"இரு," என்றாள் கோதை. "எதால கீறினே ஆசிர்?"

ஆசிர் விழித்தான். "மோதிரம்..."

"உன் கையில மோதிரம் இல்லையே. அங்கே ஆணியில தொங்குது. வாட்ச்சும் பக்கத்துலயே தொங்குது. இடுப்பில பெல்ட்டுக்குப் பதிலா நாடா கட்டியிருக்கே."

கோதை சொன்ன பிறகுதான் திலீப் கவனித்தான். பையன் உடம்பில் உலோகம் என்று குண்டூசி அளவுகூட இல்லை.

"வேலைக்கு வந்தா எல்லாத்தையும் கழட்டிடுவோம் மேடம். பெயிண்ட் மேல பட்டுடும்னு," என்றான் ஆசிர், தலையைக் குனிந்தபடி.

"சரி, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு. பாலிஷுக்கும் மெழுகுக்கும் இன்னா வித்தியாசம்?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவன் முகம் தெளிந்துவிட்டது. "ரெண்டும் ஒண்ணுன்னுதான் எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க மேடம். பாலிஷ்ங்கறது எடுக்கிற வேலை. பெயிண்ட் மேல இருக்கிற மெல்லிசான அழுக்கு, கோடு எல்லாத்தையும் லேசா தேச்சு எடுத்துடும். மெழுகுங்கறது மூடுற வேலை. பாலிஷ் முடிஞ்சப்புறம் ரொம்ப மெல்லிசா பூசி, பனி படிஞ்ச மாதிரி வெளுக்கிற வரைக்கும் உட்டு, மெத்துன்னு துணியில தொடைக்கணும். அப்புறம் தண்ணி பட்டா ஒட்டாது. முத்து முத்தா உருண்டு ஓடிடும்."

"அப்போ பாலிஷ் உண்மையைக் காட்டும், மெழுகு காப்பாத்தும்."

"அப்டியும் சொல்லலாம் மேடம்."

கோதை சுவரைப் பார்த்தாள். வேலை முடிந்த கார்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. "ஒவ்வொரு கார் வெளியே போறப்பவும் நாலு பக்கமும் போட்டோ எடுப்பே போல. மாமனார் கார் போட்டோ எங்கே?"

"அழிஞ்சுபோச்சு."

"அழிஞ்சுபோச்சா, அழிச்சியா?"

ஆசிர் துணியை எடுத்துக் காரைத் துடைக்கத் திரும்பினான். கோதையும் மேலே கேட்கவில்லை. சிவப்புக் காரின் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்த மெழுகைக் கொஞ்சம் சுரண்டி ஒரு தாளில் மடித்துக்கொண்டாள். தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றையும் கடனாக வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் திலீப் ஆரம்பித்தான். "என் புத்திக்கு ஒண்ணு மட்டும் எட்டல மேடம். தப்பு பண்ணவன் ஆதாரத்த அழிப்பான், சரி. இவன் தன்னைக் காப்பாத்தற ஆதாரத்த ஏன் அழிக்கணும்?"

"இன்னிக்கு முதல் தடவையா உருப்படியா ஒரு கேள்வி கேட்டிருக்கே," என்றாள் கோதை. திலீப்புக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

ஞானசிங் வீட்டுக்குத் திரும்பி, கோதை இரண்டு தட்டில் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் ஆசிர் கடையிலிருந்து கொண்டுவந்த மெழுகுத் தூளைப் போட்டாள். அது மிதந்தது, விரலால் அழுத்தினாலும் கரையவில்லை. இரண்டாவதில், கீறலுக்குள்ளிருந்து ஊக்கு முனையால் எடுத்த வெள்ளைத் தூளைப் போட்டாள். அது புஸ்ஸென்று கரைந்து தண்ணீர் மோராகிவிட்டது.

"மெழுகு தண்ணியில கரையுமா சார்?"

ஞானசிங் தட்டையே பார்த்தார். "கரையாதே. இது இன்னா அப்போ?"

கோதை கரைந்ததில் விரலை நனைத்து, முழங்கைக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். ஊதினாள். கோடு பளிச்சென்று வெளுத்துக் காய்ந்தது.

"எங்கப்பா தினமும் குளிச்சிட்டு வந்து நெத்தியில இதைத்தான் இட்டுக்குவாரு. திருமண். நாமக்கட்டி."

"நாமக்கட்டியா!" ஞானசிங் எழுந்து நின்றுவிட்டார். "என் கார்லயா?"

திலீப்பால் அடக்க முடியவில்லை. "யாரோ உங்க காருக்கு நாமம் போட்டுட்டாங்க சார்!"

கோதை அவன் காலை மிதித்தாள். "வெள்ளைக் கார்ல கீறல் விழுந்திருக்கு. பார்த்தவங்க பதறிப்போய் கையில கிடைச்ச வெள்ளையை எடுத்து அடைச்சிருக்காங்க. சார், உங்க வீட்டில அவசரத்துக்கு வெள்ளையா என்ன கிடைக்கும்?"

"பவுடர் இருக்குது. பல்பொடி. சுண்ணாம்பு. கோதுமை மாவு."

"நாமக்கட்டி?"

"நாலு தலைமுறையா மிஷன் கோயிலுக்குப் போய்க்கினு இருக்கிற குடும்பம்மா நாங்க! எங்க வீட்ல ஏது?"

"அப்போ கீறல் விழுந்தப்போ கார் இந்த வீட்டில இல்ல. நாமக்கட்டி இருக்கிற வீட்டு வாசல்ல நின்னிருக்கு. அதுவும் மெழுகு பூசினதுக்கு அப்புறம். கீறல் முந்தின்னா கீறலுக்குள்ள மெழுகுதானே இருக்கணும்? உங்க நியாயம்தான் சார், அப்படியே திருப்பிப் போட்டேன்."

அப்போது பார்த்து யாரோ பந்தல்காரர் போன் செய்ய, ஞானசிங் உள்ளே போனார். கோதை சட்டென்று காரின் பின்பக்கம் போய்ப் பாட்டிலை எடுத்து டிக்கி மூடி முழுக்கத் தண்ணீரைத் தெளித்தாள்.

ஆசிர் சொன்னது போலவே தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. ஆனால் இடது ஓரத்தில் மட்டும் உருளவில்லை. அங்கே தட்டையாகப் பரவி நின்றது. நேராக ஒரு கோடு, அதன் அடியில் படுக்கையாக ஒரு கோடு.

திலீப் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தான். "எல்! மேடம், இங்கிலீஷ் எல்!"

"ஸ்டிக்கரை வெட்டி ஒட்டி, அப்புறம் பிச்சு எடுத்திருக்காங்க. பசையோட மெழுகும் வந்துடுச்சு," என்று சொல்லிக்கொண்டே கோதை துணியால் அதை அவசரமாகத் துடைத்தாள்.

கார் பழகுகிறவர்கள் ஒட்டுகிற எல். திலீப்பின் மூளை ரயிலாக ஓடியது. இந்த வீட்டில் கார் ஓட்டத் தெரியாதவர்கள் யார்? இளவயசுக்காரி யார்? ஐயையோ, கேஸ் கொடுத்தவளே கேசியாவா! வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கார் எடுத்திருப்பாள். ஆசிர் காதலிக்காகப் பழியை ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

"கிளையண்ட்டே..." என்று அவன் தொடங்குவதற்குள் ஞானசிங் வந்துவிட்டார்.

"சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல நாமம் போடறவங்க யாரு?" என்றாள் கோதை.

"கிருஷ்ணப்பா. வடமாலபேட்டை. என்கூட ரயில்வேல இருந்தவன், உசுரு மாதிரி. ஆனா அவன் வீட்டுக்கு இந்தக் கார் போயி மூணு மாசம் ஆவுதே."

உள்ளே சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்து வெகுநேரம் உருண்டது.

வடமாலபேட்டைக்குப் பஸ்ஸில் போகும்போது திலீப் தன் கண்டுபிடிப்பை முழுசாகச் சொல்லி முடித்தான். கோதை வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்டாள். "நல்லா இருக்கு," என்றாள் கடைசியில். "கேசியா குத்தவாளின்னா, காலையில ஏழரை மணிக்கு மாடியேறி வந்து எனக்கு எதுக்கு அட்வான்ஸ் குடுக்கிறா?"

திலீப்பின் ரயில் அங்கேயே நின்றது.

கிருஷ்ணப்பா வீட்டு வாசல் கேட்டுக்கு இரண்டு பக்கமும் கருங்கல் தூண்கள். இடது பக்கத் தூணில், இடுப்பு உயரத்தில், கல்லுக்குச் சம்பந்தமே இல்லாமல் வெள்ளையாக ஓர் இழுப்பு. கோதை அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் தட்டினாள். கதவைத் திறந்தது கிருஷ்ணப்பாவின் மனைவி பத்மினி. ஓங்குதாங்கான அம்மாள். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். பூஜை மாடத்தில் பிரம்புப் பெட்டி ஒன்று திறந்திருக்க, உள்ளே நாமக்கட்டியில் ஒரு முனை உடைந்திருந்ததை திலீப்பே பார்த்தான்.

"நேத்து இங்கே வந்த வெள்ளைக் காரைப் பத்தி," என்று கோதை தொடங்கினாள்.

"காரா? ஏ காரு? காரே வரலியே!" என்றாள் பத்மினி.

"அப்படியா. கீறலை அடைக்க நாமக்கட்டி யோசனை உங்களுதா, அவங்களுதா?"

"என்னுதுதான்," என்று பத்மினி பெருமையாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ தேவுடா!"

அப்புறம் முழுப் பூசணிக்காயை எத்தனை நேரம்தான் சோற்றில் மறைப்பது? இருவரையும் உட்கார வைத்து, மோர் கொடுத்து, பத்மினியே கொட்டிவிட்டாள்.

"பாவம் எங்க தபீதா வதினெ, எனக்கு அண்ணி மாதிரி. எட்டு மாசமா ரெண்டு பேரும் புத்தூர்ல டிரைவிங் ஸ்கூல்ல சேந்து கத்துக்கினோம். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், அவ வீட்டுக்காரருக்குத் தெரியாது. வாரத்துல ரெண்டு நாளு எனக்கு முட்டி வலி, எண்ணெய் போட வரான்னு அவருகிட்ட பொய்யி. போன மாசம் லைசென்ஸும் வாங்கிட்டா!"

திலீப்பின் கையில் மோர் டம்ளர் அப்படியே நின்றது. சாயாதிங்க தம்பி, நியூட்ரல்ல நிக்குது! பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாத அம்மாளுக்கு நியூட்ரல் எப்படித் தெரியும்? காது கேட்டிருக்கிறது. முறுக்கு மூளையை மறைத்துவிட்டது.

"லைசென்ஸ் வாங்கினவங்க எதுக்கு எல் ஒட்டணும்?" என்றான்.

"லைசென்ஸ் வந்துச்சு, தைரியம் வரலப்பா. எல் இருந்தா மத்தவங்க ஒதுங்கிப் போவாங்கன்னு அவளே வெட்டி ஒட்டினா. நேத்து மொத மொதல்ல தனியா ஓட்டிக்கினு வந்தா. ரோட்டுல ராணி மாதிரி வந்தா தெரியுமா! எங்க கேட்டுல திரும்பும்போதுதான் தூணு இடிச்சிடுச்சு."

"எதுக்கும்மா இவ்ளோ கஷ்டம்?"

பத்மினியின் கண் கலங்கிவிட்டது. "பொண்ணு கல்யாணத்தன்னிக்கு அவதான் காரோட்டி கேசியாவ கோயிலுக்குக் கூட்டிக்கினு போவணுமாம். யாருக்கும் சொல்லாம, எல்லாரும் அசந்துபோற மாதிரி. அவ ஒரே ஆச அதுதாம்மா. மாப்ள பையனுக்கு மட்டும் தெரியும். அவந்தான் கடைக்குப் பின்னாடி எடத்துல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தந்தான். நேத்து கீறலு உழுந்ததும் அவனுக்குத்தான் போன் பண்ணி அழுதா. நீங்க யார்கிட்டயும் வாய தொறக்காதிங்க அத்தே, நான் பாத்துக்கறேன்னு சொன்னானாம்."

கோதை மோரைக் குடித்து முடித்தாள். "போட்டோவை அழிச்சது அதனாலதான். வியாழக்கிழமை கீறல் இல்லேன்னு தெரிஞ்சா, வெள்ளிக்கிழமை யாருன்னு கேள்வி வரும்."

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம்னு கேட்டிருக்கேன்," என்றான் திலீப். "மாமியார் உடைச்ச குடத்துக்கு மருமகன் தலைய நீட்டறத இப்பதான் பாக்கறேன்."

அவன் சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடித்ததும் அந்த ஒல்லிப் பையன் மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கியது.

மூன்று மணிக்கு எல்லாரும் ஞானசிங் வீட்டு வாசலில் கூடினார்கள். ஆசிரை கோதையே போன் செய்து வரவழைத்திருந்தாள். கேசியா அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தபீதாள் கதவு நிலையைப் பிடித்தபடி உள்ளேயே நின்றாள்.

"சார், கீறல் ஆசிர் கடையில விழல," என்றாள் கோதை. "மெழுகு பூசி, கார் இங்கே வந்ததுக்கு அப்புறம் விழுந்தது. அவர் செஞ்ச வேலையில ஒரு குறையும் இல்ல. நாளைக்கு நீங்க எழுந்து நிக்க வேண்டியதில்ல."

"யாரு பண்ணதுன்னு சொல்லுங்கம்மா."

"எப்படி வந்ததுன்னு கண்டுபிடிக்கத்தான் கேசியா என்னைக் கூப்பிட்டா. கூப்பிட்டவளுக்குச் சொல்ல வேண்டியதை அவகிட்ட சொல்லுவேன்."

"என் கார்! எனக்குத் தெரியணும்!" ஞானசிங்கின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. "சொல்லாத வரைக்கும் நான் இந்தப் பையன் மேலதான் சந்தேகப்படுவேன். நாளைக்கு எழுந்து நிப்பேன், சத்தியமா நிப்பேன்!"

"நான்தான் மாமா," என்றான் ஆசிர் மறுபடியும். "என்னை என்ன வேணா சொல்லுங்க. கல்யாணத்த மட்டும்..."

"போதும் ஆசிரு."

தபீதாள் வெளியே வந்தாள். கையில் கார் சாவியும் ஒரு சின்ன அட்டையும் இருந்தன. காலையில் ஆடிய கை இப்போது ஆடவில்லை.

"நான்தான் கீறினேன். வடமாலபேட்டைக்கு நானே ஓட்டிக்கினு போனேன், நானே ஓட்டிக்கினு வந்தேன். காலையிலேர்ந்து மூணு தபா சொல்ல வந்தேன். மூணு தபாவும் நீங்க கத்தினீங்க, நான் உள்ள ஓடிட்டேன். என் பயத்துக்கு அந்தப் புள்ள பலியாவுறான். இனிமே ஓட மாட்டேன்." அட்டையை அவர் கையில் வைத்தாள். "இருபத்தெட்டு வருசம் உங்ககூட குடும்பம் பண்ணியிருக்கேன். நான் எத்தினி கீறல மெழுகு போட்டு மூடியிருப்பேன், கணக்கு பாத்தீங்களா? இந்த ஒரு கீறலுக்கு என் பொண்ணு கல்யாணத்த நிறுத்துவீங்களா?"

கேசியா வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, நீயா? காரா?" என்று கேட்டவள், அழுகையும் சிரிப்புமாக ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

ஞானசிங் லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த அட்டையில் குற்றம் கண்டுபிடிக்க அவர் எவ்வளவோ முயன்றார் என்பது திலீப்புக்குத் தெரிந்தது. முடியவில்லை.

"ஹைவேல ஓட்டினியா?" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"ஓட்டினேன்."

"லாரி எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்ட முந்திக்கினு போனேன்."

ஞானசிங் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "ரிவர்ஸ் வருதா?"

"வருது. கேட்டுல நுழையறதுதான் இன்னும் கொஞ்சம்..." என்று தபீதாள் இழுத்தாள்.

ஞானசிங் எழுந்து காருக்குப் போய், கம்பளிப் போர்வையை மடித்து, அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாளைக்கு எழுந்து நிற்பாரா, மாட்டாரா? கோதைக்கே தெரியவில்லை. ஆசிரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாரே என்று திலீப்புக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோதையும் திலீப்பும் கோயிலின் கடைசி பெஞ்சில் இருந்தார்கள். ஞானசிங் குடும்பம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அவரும் கேசியாவும் நடந்து உள்ளே வந்தார்கள். தபீதாளைக் காணோம். ஆசிர் நாலாவது வரிசையில் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

போதகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓலையை எடுத்தார். ஆசிர் பெயரையும் கேசியா பெயரையும் வாசித்தார். "இது மூன்றாம் அறிவிப்பு. இவர்கள் இருவரும் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்," என்று நிறுத்தினார்.

மின்விசிறி சத்தம் மட்டும்.

அப்போது வெளியே, கோயில் கேட்டுப் பக்கத்திலிருந்து, நீளமாக ஒரு சத்தம் வந்தது. கிர்ர்ர்ர்ர்.

ஞானசிங் எழுந்து நின்றார்.

கேசியா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஆசிரின் முகத்தில் ரத்தமே இல்லை. திலீப் கோதையின் கையை இறுக்கிப் பிடிக்க, கோதையும் பிடித்துக்கொண்டாள். போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஞானசிங் ஐயா, ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க," என்றார் ஞானசிங். தொண்டையைச் செருமிக்கொண்டு நாலாவது வரிசைப் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, கொஞ்சம் வெளிய வாங்க. வலது பக்கத்துக்கும் மெழுகு வேணும்."